குழந்தைக்கு ஆபரேஷனா? வயதுக்கு ஏற்றபடி மனதைத் தயார் செய்ய ஒரு முழுமையான வழிகாட்டி

வண்டலூருக்குப் போகிறோம் என்று சொல்லி அழைத்து வந்திருந்தார்கள். நாலு வயசுப் பையன். தலையில் தொப்பி, கழுத்தில் தண்ணீர் பாட்டில், காலில் புது ஷூ. வார்டுக்குள் நுழைந்ததும் என்னைப் பார்த்து, "ஆன்ட்டி, புலி எங்க இருக்கு?" என்று கேட்டான். அவனுக்குக் குடலிறக்க ஆபரேஷன். அன்று அவன் கையில் ஊசி ஏற்ற நாலு பேர் பிடிக்க வேண்டியிருந்தது. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஆனால் மறுநாள் முழுக்க அப்பா கையிலிருந்து ஒரு விள்ளல் இட்லிகூட வாங்கவில்லை. அப்பா கட்டிலுக்கு அந்தப் பக்கம் போனால் இந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

அந்த அப்பாவைக் குறை சொல்ல மாட்டேன். பிள்ளை பயந்துவிடுமே என்ற தவிப்பில்தான் அப்படிச் சொன்னார். குழந்தைகள் வார்டில் நர்ஸாக இருக்கும் எனக்கு இந்தத் தவிப்பு தினமும் கண்ணில் படுகிறது. என் அனுபவத்தில், ஊசிக்காக அழுத குழந்தை கொஞ்ச நேரத்தில் விளையாடப் போய்விடும். அம்மா அப்பாவே பொய் சொன்னார்கள் என்று தெரிந்த குழந்தை சமாதானமாக நாளாகும். அதனால் இந்த வழிகாட்டி முழுவதும் ஒரே வேலையைப் பற்றியதுதான்: உண்மையைக் குழந்தையின் வயதுக்குத் தாங்கும் அளவில் எடுத்துச் சொல்வது.

படி 1: முதலில் நீங்கள் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்

உங்களுக்கே தெரியாததைக் குழந்தைக்குச் சொல்ல முடியாது. டாக்டர் அறைக்குள் போனதும் பாதிப் பேருக்குக் கேட்க நினைத்தது மறந்துபோகும். ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். எந்த இடத்தில் தையல் வரும்? எவ்வளவு பெரிய கட்டு இருக்கும்? விழிக்கும்போது உடம்பில் என்னென்ன குழாய்கள் இருக்கும்? அம்மா எந்த இடம் வரைக்கும் கூட வரலாம்? எப்போது தண்ணீர் குடிக்கலாம்? எத்தனை நாள் பள்ளிக்குப் போக முடியாது?

மயக்க மருந்து டாக்டரைத் தனியாகப் பார்த்துப் பேசும் வாய்ப்பு கிடைத்தால் விடாதீர்கள். அவரிடம் கேட்க வேண்டியவை மூன்று. ஊசி போடும் இடம் மரத்துப்போகக் களிம்பு தடவ முடியுமா? (அது வேலை செய்ய ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும், கடைசி நிமிடத்தில் கேட்டுப் பயனில்லை.) ஆபரேஷன் தியேட்டருக்குப் போகும் முன் பதற்றம் தணிக்கும் மருந்து வாய்வழியாகக் கொடுப்பார்களா? மயக்கம் கொடுப்பது முகமூடி வழியாகவா, கையில் ஏற்றிய ஊசி வழியாகவா? விரல் சூப்பும் குழந்தை என்றால் எந்தக் கை என்றும் சொல்லிவிடுங்கள். அந்தக் கையை விட்டுவிட்டு மறு கையில் ஊசி ஏற்ற முடிந்தால், குழந்தைக்கு அதைவிடப் பெரிய ஆறுதல் இல்லை.

குழந்தைக்குச் சளி, இருமல், காய்ச்சல் வந்தால் மறைக்காதீர்கள். ஆபரேஷன் தள்ளிப்போகலாம் என்பதையும் பெரிய பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். மனதைத் திடப்படுத்திக்கொண்டு வந்து, "இன்னைக்கு இல்ல" என்று திரும்பிப் போவது அவர்களுக்கும் கஷ்டம்தான்.

படி 2: வீட்டுப் பெரியவர்களின் பேச்சைச் சரி செய்யுங்கள்

இங்கிலாந்தில் ஒரு காலத்தில் குழந்தையை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு, பார்வையாளர் நேரத்தில் மட்டும் பெற்றோர் வந்து பார்க்க வேண்டும் என்ற நிலை இருந்தது. அது குழந்தை மனதை எப்படி வாட்டுகிறது என்று ஜேம்ஸ் ராபர்ட்சன் என்ற மனநல சமூகப் பணியாளர் போன்றவர்கள் எடுத்துக் காட்டினார்கள். தாய் உடன் இருக்க வசதி செய்ய வேண்டும் என்று 1959-இல் அங்கே அரசு அமைத்த பிளாட் குழுவின் அறிக்கை சொன்னது. நம் ஊரில் அந்தக் குறை பெரும்பாலும் இல்லை. கட்டிலுக்குக் கீழே பாய் விரித்தாவது அம்மா படுத்துக்கொள்வார், வாசலில் பாட்டி உட்கார்ந்திருப்பார். அது பெரிய பலம்.

நம்மிடம் இருக்கும் குறை வேறு. குழந்தையின் தலைக்கு மேலே பேசுகிறோம். பார்க்க வருகிற உறவினர் ஆப்பிள் பையைக் கீழே வைத்ததும், "ஐயோ, இந்தச் சின்ன உடம்பைக் கீறப் போறாங்களா?" என்று ஆரம்பிப்பார். இன்னொருவர் தெரிந்த யாருக்கோ நடந்த கெட்டதைச் சொல்வார். குழந்தை போனில் விளையாடுவது போலத் தெரியும். ஒவ்வொரு சொல்லும் அதன் காதில் விழுந்துகொண்டிருக்கும். பார்க்க வருகிறவர்களிடம் வாசலிலேயே சொல்லிவிடுங்கள்: "அத்தை, உள்ள வந்து ஆபரேஷனைப் பத்தி மட்டும் பேசாதீங்க." மனஸ்தாபம் வந்தாலும் பரவாயில்லை.

"சேட்டை பண்ணினா டாக்டர்கிட்ட சொல்லி ஊசி போடச் சொல்லிடுவேன்" என்ற பேச்சை, தேதி குறித்த நாளிலிருந்தாவது அடியோடு நிறுத்துங்கள். மூன்று முதல் ஆறு வயதுக் குழந்தை ஆபரேஷனைத் தண்டனை என்று நம்புவதற்கு அந்த ஒரு வாக்கியம் போதும்.

உதடு பிளவோடு பிறந்த குழந்தைகளின் அம்மாக்களுக்கு ஒரு வார்த்தை. கிரகணத்தில் வெளியே போனதால் வந்தது என்று வீட்டில் சொல்லியிருப்பார்கள். கிரகணத்தால் உதடு பிளவு வருவதில்லை. நீங்கள் எதுவும் தவறு செய்யவில்லை. இந்தக் குற்ற உணர்ச்சியோடு குழந்தையைத் தூக்கினால் உங்கள் கை நடுங்கும், அது குழந்தைக்குத் தெரியும். அழுகை வந்தால் அழுதுவிட்டு வாருங்கள், குழந்தையின் எதிரில் மட்டும் வேண்டாம்.

படி 3: எப்போது சொல்வது?

ரொம்ப முன்னால் சொன்னால் சின்னக் குழந்தை தினமும் பயந்து தேயும். ரொம்பத் தாமதமாகச் சொன்னால் பெரிய பிள்ளைக்கு ஜீரணிக்க நேரம் இருக்காது. 2, 3 வயதுக்கு ஓரிரு நாள் முன்னால் போதும். 4 முதல் 6 வயதுக்கு மூன்று முதல் ஐந்து நாள். பள்ளிக்குப் போகும் 7 முதல் 12 வயதுப் பிள்ளைக்கு ஒன்றிரண்டு வாரம். பதின்ம வயதினருக்கு இந்தக் கணக்கே கிடையாது. முதல்முறை டாக்டரிடம் பேசும்போதே அவர்களும் அந்த அறையில் இருக்க வேண்டும்.

தூங்கப் போகும் நேரத்தில் சொல்லாதீர்கள். பகலில், குழந்தை வயிறு நிறைந்து விளையாடிக்கொண்டிருக்கும்போது சொல்லுங்கள்.

படி 4: சொற்களைத் தேர்ந்தெடுங்கள்

"மயக்க மருந்து குடுத்துத் தூங்க வைப்பாங்க" என்று எல்லோரும் சொல்கிறோம். ஆனால் சில மாதங்களுக்கு முன் தாத்தா இறந்தபோது, "தாத்தா தூங்குறாருடா" என்று சொன்னதும் நாம்தானே? அந்தக் குழந்தைக்குத் தூக்கம் என்ற சொல் இப்போது வேறாகிவிட்டது. அதனால் வித்தியாசத்தை விளக்கிச் சொல்லுங்கள்: "இது ராத்திரி தூங்குற தூக்கம் இல்ல. ஒரு டாக்டர் மருந்து குடுக்கிறதால வர்ற தூக்கம். ஆபரேஷன் முடியற வரைக்கும் அந்த டாக்டர் உன் பக்கத்துலயே இருப்பாங்க. முடிஞ்சதும் மருந்தை நிறுத்திடுவாங்க, நீ முழிச்சுக்குவே."

"அறுக்கறது", "வெட்டறது", "கிழிக்கறது" வேண்டாம். "சரி பண்றது", "சின்னதாத் திறந்து திரும்பத் தைக்கறது" போதும். ஆனால் வலியே இருக்காது என்று மட்டும் சொல்லாதீர்கள். "ஆபரேஷன் நடக்கும்போது ஒண்ணும் தெரியாது. முழிச்சப்புறம் வலிக்கும். வலிச்சா சொல்லு, அதுக்கு மருந்து இருக்கு." இந்த மூன்று வாக்கியமும் உண்மை, மூன்றையும் குழந்தை தாங்கும்.

இதயத்தில் ஓட்டை என்று கேள்விப்பட்ட ஏழு வயதுப் பெண் குழந்தை ஒன்று தண்ணீர் குடிக்க மறுத்துக்கொண்டே இருந்தது. மெதுவாகக் கேட்டபோதுதான் சொன்னது: குடிக்கிற தண்ணீர் அந்த ஓட்டை வழியாக ஒழுகிவிடுமாம். பெரியவர்கள் நமக்குத் தோன்றவே தோன்றாது. ஒரு தாளில் படம் போட்டேன். "இதயத்துல பக்கத்துப் பக்கத்துல ரூம் இருக்கு. நடுவுல இருக்கிற சுவர்ல ஒரு இடைவெளி. டாக்டர் அதை அடைச்சுடுவாங்க, சட்டைக்கு ஒட்டுப் போடற மாதிரி. தண்ணி போற வழியே வேற." பார்த்துவிட்டு ஒரு டம்ளர் முழுக்கக் குடித்தாள். அன்றிலிருந்து, எதையும் விளக்கும் முன் "உனக்கு என்ன ஆகப் போகுதுன்னு நீ நினைக்கிறே?" என்று கேட்டுவிட்டுத்தான் ஆரம்பிக்கிறேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

படி 5: வயதுக்கு வயது

*ஒரு வயதுக்குள்.* இவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. அம்மாவின் வாசனை, பழகிய துணி, வழக்கமான தாலாட்டு வேண்டும். அம்மாவின் பழைய சேலைத் துண்டு ஒன்றைத் துவைத்து, ஓரிரு இரவு உங்கள் பக்கத்தில் போட்டுக்கொண்டு படுத்து, பிறகு குழந்தையோடு அனுப்புங்கள். ஆறேழு மாதத்துக்குப் பிறகு முகம் தெரிய ஆரம்பித்துவிடும், புது ஆள் தூக்கினால் அழும். கையில் கொடுக்கும் முன் நர்ஸ் உங்கள் தோளருகே நின்று சிறிது நேரம் குழந்தையோடு பேசட்டும்.

*ஒன்று முதல் மூன்று வயது.* இந்த வயதில் பயம் ஒன்றே ஒன்றுதான்: அம்மா விட்டுவிட்டுப் போய்விடுவாள். குழந்தை பராக்குப் பார்க்கும்போது நைசாக நழுவிவிடாதீர்கள். இதை நான் வார்டில் கெஞ்சிக் கேட்பேன். அழுதாலும் பரவாயில்லை, சொல்லிவிட்டுப் போங்கள்: "அம்மா வெளிய இந்த நாற்காலில உக்காந்திருப்பேன். நீ முழிச்சதும் வருவேன்." சின்னச் சின்ன முடிவுகளை அவர்களிடம் விடுங்கள். சிவப்பு சட்டையா, நீலச் சட்டையா? கரடி வரணுமா, யானை வரணுமா? "ஆபரேஷனுக்குப் போலாமா?" என்று மட்டும் கேட்காதீர்கள். வேண்டாம் என்று பதில் வந்தால் நம்மால் ஏற்க முடியாத கேள்வி அது.

*மூன்று முதல் ஆறு வயது.* கற்பனை காட்டாறு போல ஓடும் வயது. தம்பியைக் கிள்ளியதால்தான் வயிற்றில் ஆபரேஷன் என்று தானே ஒரு காரணம் கட்டிக்கொள்ளும். கேட்காவிட்டாலும் நீங்களாகவே சொல்லுங்கள்: "நீ எந்தத் தப்பும் பண்ணல. உன்னைத் திட்டறதுக்காக இல்ல. இது உடம்பைச் சரி பண்றதுக்கு." எந்த உறுப்பில் ஆபரேஷனோ அதைத் தொட்டுக் காட்டி, மற்றது எதையும் தொட மாட்டார்கள் என்றும் சொல்லுங்கள். டான்சில் ஆபரேஷனுக்கு வரும் குழந்தை, நாக்கும் போய்விடும், இனிமேல் பேச முடியாது என்று நினைத்துக்கொண்டிருக்கலாம்.

*ஏழு முதல் பன்னிரண்டு.* கேள்விகள் துல்லியமாக வரும். நடுவில் விழித்துவிட்டால்? எத்தனை தையல்? செத்துப்போவேனா? எதையும் தட்டிக்கழிக்காதீர்கள். "மயக்க டாக்டர் உன் மூச்சு, இதயத் துடிப்பு எல்லாத்தையும் பார்த்துக்கிட்டே இருப்பாங்க. மருந்து போய்க்கிட்டே இருக்கும்" என்று வேலை நடக்கும் விதத்தைச் சொல்லுங்கள். தெரியாத கேள்வி வந்தால், "எனக்கும் தெரியல, எழுதி வச்சு டாக்டர்கிட்ட கேப்போம்" என்று அவர்கள் கையாலேயே நோட்டில் எழுத வையுங்கள். விரை இறங்காத பிரச்சினை, முன்தோல் இறுக்கம் போன்றவற்றுக்கு வரும் பையன்களிடம் கூடுதல் கவனம் வேண்டும். சித்தப்பா மாமா எல்லாம் சேர்ந்து கிண்டல் செய்வார்கள். அவன் சிரிப்பான், உள்ளுக்குள் குன்றிப்போவான். எந்த ஆபரேஷன் என்று யார் யாருக்குச் சொல்லலாம் என்பதை அவனிடமே கேளுங்கள்.

*பதின்மூன்றுக்கு மேல்.* கையெழுத்து போடுவது நீங்கள், உடம்பு அவர்களுடையது. பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி இரண்டு நாளாக யாரோடும் பேசவில்லை. அம்மா காபி வாங்கப் போன நேரத்தில் என்னிடம் கேட்டாள்: "சிஸ்டர், தியேட்டர்ல எல்லாரும் பார்ப்பாங்களா?" ஆபரேஷன் செய்யும் இடம் தவிர மற்றதைத் துணியால் மூடியிருப்போம் என்று சொன்னேன். மாதவிலக்கு வந்தால் என்ன செய்வது என்று அடுத்த கேள்வி. நர்ஸிடம் சொன்னால் போதும், பெரும்பாலும் அதற்காகத் தள்ளிப்போடுவதில்லை என்றேன். அவள் முகம் தெளிந்தது. வலியைவிட அவளை வாட்டியது இது. ஆகவே உங்கள் பிள்ளை டாக்டரிடமோ நர்ஸிடமோ பத்து நிமிடம் தனியாகப் பேச வழி விடுங்கள். சிகரெட் பிடித்துப் பார்த்திருந்தால் அதைச் சொல்லவும் அந்தத் தனிமை வேண்டும், மயக்க மருந்து டாக்டருக்கு அது தெரிய வேண்டும். தழும்பு எவ்வளவு தெரியும் என்று கேட்டால், "அதெல்லாம் ஒரு விஷயமா?" என்று வாயை அடைக்காதீர்கள். அவர்களுக்கு அது விஷயம்தான்.

படி 6: விளையாடிப் பாருங்கள்

பொம்மைக்கு ஆபரேஷன் செய்வதைப் போல நல்ல தயாரிப்பு சின்னக் குழந்தைகளுக்கு வேறில்லை. பழைய மரப்பாச்சியோ கரடியோ எதுவானாலும் சரி. ஊசி இல்லாத சிரிஞ்ச், பஞ்சு, பிளாஸ்திரி, தலைக்குத் தொப்பி போதும். முதலில் குழந்தை டாக்டராக இருக்கட்டும், பிறகு நோயாளியாக. முகமூடி வழியாக மயக்கம் என்றால், முடிந்தால் ஒரு முகமூடியை ஆஸ்பத்திரியில் கேட்டு வாங்கி வீட்டிலேயே வைத்துப் பழக்குங்கள். "பலூன் ஊதற மாதிரி ஊது" என்று சொல்லிப் பழக்கினால், அன்று அந்த மருந்து வாசனை வந்தாலும் மிரளாது.

வலியைச் சொல்லவும் இப்போதே பழக்க வேண்டும். சிரிக்கும் முகத்திலிருந்து அழும் முகம் வரை ஆறு முகங்கள் கொண்ட அட்டை பல வார்டுகளில் இருக்கும். மூன்று வயதுக்கு மேல் விரலால் தொட்டுக் காட்டிவிடும். இதய ஆபரேஷன் போன்ற பெரிய சிகிச்சை என்றால், ஐசியுவில் விழிக்கும்போது தொண்டையில் குழாய் இருந்தால் பேச முடியாது. தண்ணீர், வலி, அம்மா, ஒண்ணுக்கு என்று நாலு படம் வரைந்த அட்டை செய்து, சைகையும் முன்பே பேசி வையுங்கள்.

படி 7: முந்தைய நாளும் பட்டினியும்

பொதுவான கணக்கு இது: சாப்பாடு, பசும்பால், பவுடர் பால் 6 மணி நேரத்துக்கு முன்பே நிறுத்த வேண்டும். தாய்ப்பால் 4 மணி நேரம், தண்ணீர் 2 மணி நேரம். உங்கள் மயக்க மருந்து டாக்டர் வேறு நேரம் சொன்னால் அதுதான் சரி. காரணத்தையும் குழந்தைக்குச் சொல்லுங்கள்: "வயித்துல சாப்பாடு இருந்தா, மயக்கத்துல வாந்தி வந்து மூச்சுக்குள்ள போயிடும்." பசிக்கிறதே என்று பாட்டி ஒரு பிஸ்கட் கொடுத்துவிட்டால் மறைக்காதீர்கள். ஆபரேஷன் தள்ளிப்போவது நஷ்டமே இல்லை, மறைப்பது உயிருக்கு ஆபத்து. குழந்தை எதிரில் வீட்டில் யாரும் சாப்பிட வேண்டாம்.

அரைஞாண் கயிறு, தாயத்து, கொலுசு, காப்பு, நெயில் பாலிஷ் எல்லாவற்றையும் வீட்டிலேயே எடுத்துவிடுங்கள். தியேட்டர் வாசலில் கத்தரிக்கோலோடு ஒருவர் வந்து இடுப்புக் கயிற்றை வெட்டும்போது குழந்தை வீறிடும், பாட்டி அபசகுனம் என்று கலங்குவார். அந்த இரண்டு நிமிடத்தில் ஒரு வாரத் தயாரிப்பு வீணாவதைப் பார்த்திருக்கிறேன். வீட்டில் பாட்டியே அவிழ்த்து சாமி படத்தின் முன் வைக்கட்டும். வந்ததும் அவரே திரும்பக் கட்டட்டும்.

படி 8: தியேட்டர் கதவு

பல ஆஸ்பத்திரிகளில் அம்மா இந்தக் கதவு வரைதான். இங்கே நீங்கள் எப்படி இருக்கிறீர்களோ அப்படியே குழந்தை உள்ளே போகும். "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல, பயப்படாதே" என்று திரும்பத் திரும்பச் சொல்வது நமக்கு இயல்பாக வருகிறது. ஆனால் அளவுக்கு மீறிய சமாதானம் பதற்றத்தைக் கூட்டும். யேல் பல்கலைக்கழகத்தில் மயக்கவியல் மருத்துவர் ஸீவ் கெய்ன் குழுவினர் 2007-இல் வெளியிட்ட ஆய்வில் பெற்றோருக்கும் பயிற்சி கொடுத்தார்கள். சமாதானத்தைக் குறைத்து, பேச்சை வேறு பக்கம் திருப்புவது அதில் ஒன்று. பயிற்சி பெற்ற பெற்றோரின் குழந்தைகள் பதற்றம் குறைவாக இருந்தார்கள், விழிக்கும்போது அவர்களுக்குத் தேவைப்பட்ட வலி மருந்தும் குறைவு.

ஆகவே கதை பேசுங்கள். "கரடிக்கு என்ன பேரு வைக்கலாம்? எட்டுக்கால் பூச்சிக்கு எத்தனை ஷூ வேணும்?" முத்தம் கொடுத்து, "முழிச்சதும் பார்க்கலாம்" என்று ஒரு தடவை சொல்லிக் கையில் கொடுங்கள். மறுபடி வாங்கி மறுபடி கொடுக்க வேண்டாம். கதவு மூடிய பிறகு அழுங்கள், நாங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறோம், யாரும் ஒன்றும் நினைக்க மாட்டோம்.

குடல்வால் வீக்கம் போல அவசரமாக ஆபரேஷன் என்றால் இந்தப் படிகளுக்கு நேரமே இருக்காது. அப்போது மூன்றை மட்டும் சொல்லுங்கள்: எங்கே போகிறோம், ஏன் போகிறோம், விழிக்கும்போது யார் பக்கத்தில் இருப்பார்கள். மிச்சத்தை ஆபரேஷன் முடிந்து ஓரிரு நாளில் உட்கார்ந்து பேசுங்கள். தாமதமாகச் சொன்னாலும் பலன் உண்டு.

படி 9: விழிக்கும் நேரம்

இதற்கு யாரும் உங்களைத் தயார் செய்யவில்லை என்றால் நெஞ்சே நின்றுவிடும். சில குழந்தைகள், முக்கியமாக ஐந்து வயதுக்குட்பட்டவர்கள், மயக்கம் தெளியும்போது கையை காலை உதறி, கத்தி, அம்மாவையே தள்ளிவிடுவார்கள். கண் திறந்திருக்கும், ஆனால் உங்களை அடையாளம் தெரியாது. பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் அடங்கிவிடும். பிறகு குழந்தைக்கு அது நினைவிலும் இருக்காது. விளக்கவோ அதட்டவோ வேண்டாம். கையில் ஏற்றியிருக்கும் குழாய் பிடுங்காமல் பார்த்துக்கொண்டு, காதருகே மெல்லப் பெயர் சொல்லிக் கூப்பிட்டபடி இருங்கள். வலியாகவும் இருக்கலாம், நர்ஸைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள்.

படி 10: வீட்டுக்கு வந்த பிறகு

ஒன்றிரண்டு வாரம் குழந்தை மாறித் தெரியலாம். படுக்கையை நனைக்கும், இரவில் திடுக்கிட்டு எழும், பாத்ரூம் வரை அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு வரும். நாலு வயசில் விட்ட பழக்கம் திரும்பி வந்துவிட்டதே என்று திட்டாதீர்கள். தானாகப் போய்விடும். ஒரு மாதம் ஆகியும் குறையவில்லை, சாப்பாடும் தூக்கமும் கெடுகிறது என்றால் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள், தேவைப்பட்டால் அவர் மனநல மருத்துவரிடம் அனுப்புவார்.

டான்சில் எடுத்த குழந்தைகளின் பெற்றோர் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: முதல் நாளைவிட மூன்றாம், நான்காம் நாள் வலி கூடலாம். ஐஸ்கிரீம் தருவோம் என்று மட்டும் சொல்லிக் கூட்டிப்போயிருந்தால் குழந்தை அப்போதுதான் ஏமாந்துபோகும். இதையும் முன்பே சொல்லி வையுங்கள். வாயில் ரத்தம் வந்தால் எந்த நாளானாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

தையல் தானாகக் கரைவதா, பிரிக்க வேண்டியதா என்று டிஸ்சார்ஜ் அன்றே கேளுங்கள். பிரிக்க வேண்டியது என்றால் அதையும் முந்தின நாளே குழந்தையிடம் சொல்லிவிடுங்கள். கரடியையும் கூடவே எடுத்து வாருங்கள், அதற்கும் நாங்கள் பிரித்துவிடுகிறோம்.